ஒரு கிளாஸுக்குச் சாட்சி சொல்ல சிரம்பான் போனேன்

சிரம்பானில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் இலக்கியக் கேள்வி இதுதான்: "அண்டி, கண்ணாடி கிளாஸ் உடையறது நல்லதா, கெட்டதா?"

கேட்டவர் குமார். என்னை அழைத்துப்போக வந்திருந்தவர். நாற்பதைத் தொடப்போகிற, நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். என் பெட்டியை காரில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்துவதற்குள் கேட்டுவிட்டார். என் மனம் அந்த 'அண்டி'யிலேயே, அதாவது ஆன்ட்டியிலேயே, நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் காய்கறிக்காரர்கூட என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்.

நான் ஒரு நாவலை மொழிபெயர்த்திருந்தேன். கிழக்கு ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரை. அங்கே யூதர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூர். ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கும் குதிரைவண்டி ஓட்டுகிறவனுக்கும் காதல். ஊரே சேர்ந்து அந்தக் காதலைக் கெடுக்கப் பார்த்து, கடைசியில் ஊரே சேர்ந்து கல்யாணம் செய்துவைக்கும். தமிழில் அதை வாங்கியவர்களை எனக்கு அனேகமாக முகம் பார்த்தே தெரியும். அப்படியிருக்க, மலேசியாவிலிருந்து வசந்தா என்கிற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தங்கள் வாசகர் வட்டம் அந்த நாவலை இரண்டு முறை படித்துவிட்டது, நான் நேரில் வந்து பேசியே ஆகவேண்டும் என்று அழைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக இரண்டு புடவை எடுத்தேன். "எதுக்கும் சுருக்கமாப் பேசு" என்றார் என் கணவர்.

குமார் என்னை நேராக அம்பாங்கானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே வசந்தா காத்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, கன்னத்தில் குழி, டீச்சர்களுக்கே உரிய உரத்த குரல். ரொட்டி சானாய் வந்தது. நம்மூர் பரோட்டாவின் பணக்காரத் தங்கை; மொறுமொறுப்பு, கூடவே பருப்புக் குழம்பு. ரொட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பிதான் என்னைக் கலங்கவைத்தது. கறுப்பாக, திக்காக, அடியில் சர்க்கரை குவிந்து, ஏதோ கஷாயம் மாதிரி இருந்தது. பால் விட்டுத் தரச் சொன்னேன். கெட்டிப்பாலை ஊற்றிக்கொடுத்தார்கள். அதன்பிறகு அந்த ஊரில் தேநீரோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்ன தலைப்பில் பேசட்டும்?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, கூட்டம் இருக்கு. நெசமாவே இருக்கு லா" என்றாள் வசந்தா, அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா'வோடு. "ஆனா அதுக்கு மட்டும் உங்களக் கூப்புடல."

விஷயம் வெளியே வந்தது. இருவருக்கும் நெடுநாள் பழக்கம். ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். போன மாதம் பரிசம் போட ஏற்பாடாகி, மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வசந்தாவின் அம்மா காளியம்மா, வருங்கால மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே ஒரு கண்ணாடி கிளாஸில் சிராப் கொடுத்திருக்கிறார். சிவப்பு நிற ரோஜா சர்பத். குமாருக்குக் கை நடுங்கியிருக்கிறது. கிளாஸ், எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கின் முன்னால் விழுந்து சுக்குநூறு. குமாரின் அத்தை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அலாமாக், ஐயோ, சகுனமே சரியில்லையே" என்றிருக்கிறார். காளியம்மா தட்டுகளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"உங்க புக்குல கல்யாணத்துலயே கிளாஸ வேணும்னே ஒடைக்கறாங்கல்ல அண்டி?" என்றார் குமார். "மாப்ள காலால மிதிச்சி. எல்லாரும் கைதட்றாங்க. அத நீங்க வந்து அம்மாகிட்ட சொன்னா நம்புவாங்க. நீங்கதான எழுதுனது."

நான் எழுதவில்லை, மொழிபெயர்த்தேன் என்று திருத்த நினைத்தேன். அந்த ஏக்கம் பிடித்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஆக, இரண்டு புதுப்புடவையோடு கடல் தாண்டி வந்தது இலக்கியம் பேச அல்ல; ஒரு கிளாஸுக்குச் சாட்சி சொல்ல. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் என் புத்தகத்தை யாரும் இதுவரை இவ்வளவு அவசரமாகத் தேடியதில்லை என்பதும் ஒரு பக்கம் இனித்தது.

மறுநாள் தாங்கள் வளர்ந்த தோட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். போர்டிக்சன் போகிற வழியில், உள்ளே திரும்ப வேண்டும். தமிழர்கள் அதை ஆனைக்குட்டைத் தோட்டம் என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் ஒன்றும் உண்டாம். அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்ததாம்.

கிளம்பும் நேரத்தில் வசந்தாவின் கார் மூச்சுவிட மறுத்தது. சாவியைத் திருகத் திருக 'க்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. குமார் தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். செம்பனைக் குலைகளை, அதாவது எண்ணெய்ப் பனங்குலைகளை, ஆலைக்கு ஏற்றிப்போகிற லாரி. எண்ணெயும் சேறும் கலந்த வாசனை. முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம்.

நான் தங்கியிருந்த வசந்தா வீட்டின் வாசலில் காளியம்மா வந்து நின்றார். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். இன்னும் பார்வையிலேயே ஆளை அளந்துவிடுகிறார். "நடுவுல டீச்சரம்மா ஒக்காரட்டும்" என்றார், என்னைக் காட்டி. அவ்வளவுதான். நாற்பது வயதுப் பையனுக்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கும் நடுவில் நான் காவல் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அந்தக் கம்பி என் முழங்காலை இடித்தது. கால் வைக்க இடமில்லாமல் கீழே கிடந்த ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் பூட்ஸின் மேல்தான் கால் வைத்தேன். "அது என் வேல பூட்டு அண்டி, தாராளமா மிதிங்க" என்றார் குமார்.

வழியெல்லாம் இரு பக்கமும் செம்பனை. வரிசை வரிசையாக, ஒரே உயரம், ஒரே நிழல். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பில் காற்று புகுந்தால் சத்தம் கேட்கும். இங்கே ஏதோ அடக்கமான அமைதி. வாசகர் வட்டத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் ஆனைக்குட்டைக்காரர்கள்தானாம். தோட்டம் விற்கப்பட்டபோது ஆளுக்கொரு பக்கமாக, அம்பாங்கான், தெமியாங் என்று சிதறிப்போனவர்கள். மாதம் ஒருமுறை கூடுவதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதால் புத்தகம் படிக்க ஆரம்பித்தார்களாம்.

"மொதல்ல நம்ம ஆளுங்க கதைதான் படிச்சோம்" என்றாள் வசந்தா. "யாரு யாரப் பத்தி எழுதியிருக்காங்கன்னு சண்ட வந்துருச்சி. அதான் தூரத்து ஊரு கதையா படிக்கலாம்னு உங்க புக்க எடுத்தோம். அதுலயும் சண்ட லா. அந்தக் கல்யாணத் தரகர் பொம்பள அப்படியே எங்க பாக்கியம் அக்கான்னு ஒரு கூட்டம், இல்லன்னு ஒரு கூட்டம்."

ஒரு யூதச் சிற்றூரை நான் தமிழுக்குக் கொண்டுவர பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது என்பதற்கே அரைப்பக்கக் குறிப்பு எழுதினேன். இவர்களுக்குக் குறிப்பே தேவைப்படவில்லை. எல்லோருக்கும் எல்லோர் வீட்டுக் குழம்பும் தெரிகிற ஊர் என்றால் இவர்களுக்குப் போதும்.

தோட்டத்தில் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்கள் இப்போது இல்லை. புது வீடுகள் வரிசையாக எழும்பியிருந்தன. முகப்பில் ஒரு கடை வரிசை: கைப்பேசிக் கடை, கோழிக் கடை, காசு போட்டால் துணி துவைத்துத் தருகிற கடை. அதற்கு முன்னால் தார் போட்ட கார் நிறுத்துமிடம். குமார் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, வெள்ளைக் கோடு போட்ட ஒரு கட்டத்தைக் காட்டினார். அதில் ஒரு நீலக் கார் நின்றிருந்தது.

"இதான் அண்டி மூலஸ்தானம்."

மாரியம்மன் கோயில் இருந்த இடம். ஓரத்தில் ஒரு வேப்பமரம் மட்டும் மிச்சம்; அதில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அம்மனைக் கொண்டுபோய் டவுனில் வேறொரு கோயிலில் வைத்திருக்கிறார்களாம். அங்கே அவளுக்கு ஒரு மூலைதான். "விருந்தாடி மாதிரி நிக்குது" என்றாள் வசந்தா. அவளுடைய உரத்த குரல் இறங்கியிருந்தது.

அங்கே நின்றுதான் மிச்சத்தைச் சொன்னாள். கோயிலை எடுக்கச் சொல்லி உத்தரவு வருவதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்துக்கொண்டிருந்தது காளியம்மா. சாமி முன்னால் இருந்த அரிக்கேன் விளக்கின் கண்ணாடி படீரென்று வெடித்துச் சிதறியது. பிறகு கொஞ்ச நாளில் கோயில் போனது. தன் கையில் வெடித்ததால்தான் கோயில் போனது என்று அந்த அம்மா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நினைக்கிறார் என்று மகளுக்குத் தெரியும். அதன்பிறகு வீட்டில் ஒரு கண்ணாடி வளையல் உடைந்தால்கூட அன்றைக்குச் சமையல் இல்லை.

"அதனாலதான் அக்கா ஒண்ணு கேக்கறோம்" என்றாள் வசந்தா. "கிளாஸ் ஒடைக்கறது அவங்களுக்கு நல்ல சகுனம்னு மட்டும் சொல்லுங்க. ஏன் ஒடைக்கறாங்கன்னு சொல்லிறாதீங்க. பின்னாடி நீங்க எழுதியிருக்கற குறிப்ப நான் அம்மாவுக்குப் படிச்சிக் காட்டவே இல்ல."

ஏன் உடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெகு காலம் முன்பு எருசலேமில் இருந்த அவர்களுடைய பெரிய கோயில் இடிக்கப்பட்டது. சந்தோஷத்தின் உச்சத்திலும் அந்த இடிந்த கோயிலை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் மாப்பிள்ளை கிளாஸை மிதிக்கிறான். வேறு காரணங்களும் சொல்வார்கள். நான் குறிப்பில் எழுதியது இதைத்தான். காளியம்மாவிடம் சொல்ல இதைவிட மோசமான காரணம் உலகத்தில் இருக்க முடியாது. சொல்லமாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன். திரும்பி வரும்போது கியர் கம்பி இடித்ததுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை வசந்தா வீட்டில் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊரில் எனக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்பதை இங்கே பதிவுசெய்துவிடுகிறேன். நான் பேச வாயைத் திறந்ததும், ஓய்வுபெற்ற மண்டோர் ஆறுமுகம் அண்ணன் கையைத் தூக்கினார். மண்டோர் என்றால் வேலைக்காரர்களை மேய்க்கிறவர். ஓய்வுபெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அந்த வண்டிக்காரன் சரியில்ல மேடம்" என்றார். "ரொட்டிக்கடைக்காரன் பொண்ணு அவன நம்பி எத்தன வருசம் காத்திருக்கும்? எங்க தோட்டமா இருந்தா நானே முடிச்சி வெச்சிருப்பேன்."

"நீங்க முடிச்சி வெச்ச லட்சணந்தான் தெரியுமே" என்று பாயிலிருந்து ஒரு பெண்குரல். சிரிப்பு. அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். நாவலில் வரும் ஊர் மதகுருவின் மனைவி கெட்டவளா, பாவப்பட்டவளா என்று ஒரு வாக்குவாதம் நெடுநேரம் நடந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பொரித்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, எழுதாத நாவலை எழுதியவளாக சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

காளியம்மா சமையலறை வாசலில், கீரை ஆய்ந்துகொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்ல ஆரம்பித்தேன். அந்த மக்களுடைய கல்யாணத்தில் கிளாஸ் உடைப்பது ரொம்ப நல்ல விஷயம், உடைந்ததும் எல்லோரும் வாழ்த்துவார்கள், நாம் தேங்காய் உடைப்பதில்லையா, பூசணிக்காய் உடைப்பதில்லையா என்று அடுக்கினேன். குமார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

கீரை ஆய்கிற கை நின்றது.

"தேங்காய சாமிக்கு ஒடைக்கறோம்" என்றார் காளியம்மா. "அவங்க கிளாஸ யாருக்கு ஒடைக்கறாங்க?"

வசந்தா என்னைப் பார்த்தாள். 'திருஷ்டிக்கு' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அந்தச் சொல் இருந்தது. ஆனால் அந்த அம்மா கேட்ட விதம் அப்படி. பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இடிஞ்சுபோன அவங்க கோயிலுக்குங்க" என்றேன்.

குமார் கண்களை மூடிக்கொண்டார்.

"திரும்பக் கட்டுனாங்களா?"

"இல்லைங்க. அது போய் ரொம்பக் காலம் ஆச்சு."

"ஆனா மறக்கல."

"மறக்கலைங்க."

"கல்யாணத்தன்னிக்கும்?"

"கல்யாணத்தன்னிக்குத்தாங்க முக்கியமா."

காளியம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் திரும்ப வெளியே வரவில்லை. எல்லோரும் மெதுவாகக் கலைந்தார்கள். வசந்தா என்னிடம் கோபப்படவில்லை. பாத்திரங்களை ரொம்பச் சுத்தமாகத் தேய்த்தாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம். குமார் லாரியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே இருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. ஒரு கல்யாணத்தைக் கெடுப்பதற்கு நான் ஊரிலிருந்தே கெடுத்திருக்கலாமே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது.

காலையில் எழுந்தபோது காளியம்மா மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நாசி லெமாக் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல். நான் தலைகுனிந்து சாப்பிட்டேன்.

"டீச்சரம்மா" என்றார். "அந்தக் கிளாஸ துணில சுத்தி மிதிப்பாங்களா, இல்ல சும்மாவே மிதிப்பாங்களா?"

சம்பல் எனக்குப் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே, "துணியில சுத்திங்க" என்றேன்.

"அப்போ சரி. நம்ம ஆளு இருக்கற நடுக்கத்துக்கு கால அறுத்துக்குவான்." பிறகு மகளைக் கூப்பிட்டார். "அவுங்க அத்தைய தட்டக் கொண்டாரச் சொல்லு. இன்னிக்கே. வாயத் தொறக்காம வரச் சொல்லு."

அந்த அத்தையும் பாவம், கடைசிவரை வாய் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. வசந்தா என்னுடைய இரண்டு புதுப்புடவைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். அவசரத்தில் ரவிக்கை மட்டும் பொருந்தவில்லை. எல்லாம் முடிந்ததும் காளியம்மா அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார். "வீட்ல இல்ல" என்றார். "அங்க."

ஆக, பரிசக் கூட்டம் மொத்தமும் ஒரு லாரியிலும் மூன்று கார்களிலுமாக ஆனைக்குட்டை போய் இறங்கியது. மூலஸ்தானத்தில் அன்றைக்கு ஒரு சாம்பல் நிறக் கார். துணி துவைக்கிற கடையிலிருந்து ஒரு மலாய்ப் பெண்மணி ஓடிவந்து, தன்னுடையதுதான், மன்னிக்கவேண்டும், இதோ எடுத்துவிடுகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். யாருக்குக் கல்யாணம் என்றும் கேட்டார். பிறகு துணிக்கூடையோடு ஓரமாக நின்றுகொண்டார்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் தார் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு செருப்பு வரிசை. நானும் கழற்றினேன். வெயிலில் தார் சுட்டது. எல்லோரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம்.

காளியம்மா துணி முடிச்சைக் கீழே வைத்தார். குமார் வேட்டியை மடித்துக் கட்டினார். கால் தூக்கினார். நிறுத்தினார். வெறுங்கால்.

"செருப்ப மாட்டிக்க லா" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"கோயிலுக்குள்ள செருப்பா?" என்றார் காளியம்மா.

பெரிய வாக்குவாதம் கிளம்பியது. வெறுங்காலால் மிதித்தால் ஆஸ்பத்திரி. செருப்பு போட்டால் அம்மன் குற்றம். கல்லால் உடைக்கலாம் என்றார் ஒருவர். புத்தகத்தில் கால் என்றுதான் இருக்கிறது என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். குமார் ஒற்றைக் காலில் நின்றபடி, "லாரில என் பூட்டு இருக்கு" என்று முனகினார்.

காளியம்மா யோசித்தார். "பூட்டு செருப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "அது வேலச் சாமான். வசந்தா அப்பா காட்டுலேர்ந்து வந்தா பூட்டோடதான் நின்னு சாமி கும்புடுவாரு. ஆத்தா ஒண்ணும் சொன்னதில்ல."

அந்த ஆற்றங்கரைச் சிற்றூரின் குரு இருந்திருந்தால் தாடியைத் தடவி, இந்தத் தீர்ப்பை இரண்டு கையாலும் வாங்கியிருப்பார்.

பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், காலில் சேறு காய்ந்த மஞ்சள் பூட்ஸ். குமார் மிதித்தார். உடையவில்லை. தோட்டத்துக் காலத்து கிளாஸ், கெட்டியானது. "பலமா லா!" என்று கத்தினாள் வசந்தா, மணப்பெண் என்பதை மறந்து. மறுபடி மிதித்தார். துணிக்குள் நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஆறுமுகம் அண்ணன் மனப்பாடம் செய்து வந்திருந்தார் போல. "மசல் தோவ்!" என்று புத்தகத்து வாழ்த்தை முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த மலாய்ப் பெண்மணியும் தட்டினார். பிறகு கைதட்டல் தானாக ஓய்ந்தது. காளியம்மா குனிந்து, வெள்ளைக் கோட்டுக்குள் தாரைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கிருந்த எல்லோரும் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். என் மொழிபெயர்ப்பில் அந்தக் காட்சியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அதில் இந்தக் கனம் இல்லை.

காளியம்மா துணியைச் சிந்தாமல் சுருட்டி எடுத்தார். "யாரு டயருலயும் குத்தக் கூடாது பாரு" என்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

குமார் மெல்ல என் பக்கம் சாய்ந்தார். இன்னும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அண்டி, இப்பச் சொல்லுங்க. கிளாஸ் ஒடையறது நல்லதா, கெட்டதா?"

நான் யோசிப்பதற்குள் காளியம்மா முந்திக்கொண்டார்.

"ரெண்டுந்தான் லா" என்றார். "மொதல்ல பூட்டக் கழட்டு. கோயிலுக்குள்ள பூட்டோட எவ்ளோ நேரம் நிப்ப?"